மீதி 35,000 ரூபாயைச் செலுத்த வேண்டாம்

நண்பருக்கு வணக்கம். புதுச்சேரியில் ஆடிஷன் நடத்திய நிறுவனம் ஒன்று, படவாய்ப்பு உறுதி என்று கூறி 45,000 ரூபாய் கேட்டதாகவும், கடலூரிலிருந்து சென்ற தாங்கள் 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முறையான முகவர், நடிகருக்குச் சம்பளம் கிடைத்த பின்னரே அதில் ஒரு பங்கைக் கமிஷனாகப் பெறுவார். வாய்ப்புக்கு முன்பே ஆல்பம், பதிவுக் கட்டணம் என்று கேட்பவருக்குத் தங்களைப் போன்றவர்களின் ஆசைதான் வருமானம். (என் தம்பி வாங்கிய அத்தகைய ஆல்பம் இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.)

முன்பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். அவர்கள் மறுத்தால், நிறுவனம் புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். இத்தொகைக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள்.

நடிப்பை முறையாகக் கற்பதே நோக்கமெனில், காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. பட்டம் முடித்திருப்பீர்களானால் அதன் சேர்க்கை விதிகளை விசாரியுங்கள்.