டிரசர் ஐயா பதில்கள்: தழும்பில் முடி முளைக்குமா?

கேள்வி: தீபாவளிக்கு முன் பட்டணத்துச் சலூன் ஒன்றில் ரசாயனம் பூசி முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொண்டேன். உச்சியில் எரிந்தது, பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் கொப்புளம். பொருக்கு உதிர்ந்ததும் ஐம்பது காசு அகலத்துக்கு வழுக்கை. மூன்று மாதமாக முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்து தடவுகிறேன். இப்போது ஓர் அழகு நிலையத்தில் பத்து முறை ஊசி உருளை (நுண்ணிய ஊசிகள் பதித்த உருளை) உருட்ட 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். கட்டலாமா ஐயா?
— பால்மரம் (ரப்பர்) வெட்டும் வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்த இடத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

விடியற்காலையில் மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டுகிறீர்களே, அந்த விளக்கை வீட்டில் யாரையாவது சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாகத் துளைகளோ பூனைமுடியோ தெரிந்தால் நம்பிக்கை உண்டு. துளையே இல்லாமல் தோல் மெழுகு பூசியதுபோல் பளபளத்தால், பெரும்பாலும் அது தழும்பு.

உங்களுக்குத் தெரியாததா? பால் எடுக்கச் சீவும்போது கத்தி பட்டையோடு நின்றால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வருகிறது. மரத்தைத் தொட்டுவிட்டால் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படை அறுபட்டுப் போகிறது. தலையிலும் அப்படித்தான். முடிக்குழியின் பக்கத்துப் புடைப்பில் குருத்தணுக்கள் இருக்கின்றன. உதிர்ந்த முடி திரும்ப முளைப்பது அவற்றால்தான். ரசாயனப் புண் அதுவரை இறங்கியிருந்தால் குழி அழிந்து நார்த்திசு நிரம்பிவிடும். மினாக்ஸிடில் உயிரோடிருக்கும் குழியைத்தான் தூண்டும். புதிதாகக் குழியை உண்டாக்காது. உயிருள்ள குழிக்கே நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும் என்பதால் மூன்று மாதத்தை வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஊசி உருளையோ தோலில் புதுக் காயம் செய்வது. உள்ளே அழற்சி ஓயாமலிருந்தால் இன்னும் கெடும்.

தோட்ட மருத்துவமனையில் 31 ஆண்டுகள் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவனுக்குத் தலையில் படர்தாமரை சீழ் வைத்தது. எண்ணெய் தடவியே நாளைக் கடத்திவிட்டுக் கொண்டுவந்தார்கள். புண் ஆறியது, உள்ளங்கை அகலத்துக்கு முடி திரும்பவே இல்லை. காலத்தில் மாத்திரை கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நீங்கள் நாள் கடத்தாதீர்கள். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். ஈப்போ பெரிய மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் போகக் கடிதம் கேளுங்கள். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் தோலை எடுத்துச் சோதிப்பார்கள். தழும்புதான் என்றாலும் முடி நடும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு. கொஞ்சம் நட்டு, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை நடுவார்கள்.

கொப்புளம் இருந்தபோது கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் அழித்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.