பழைய சோபாவுக்கு 17,500 ரூபாய் செலவழிக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மாதம் 46,000 ரூபாய் சம்பளம். நான் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 14 வருடங்களுக்கு முன்பு தச்சரை வைத்துச் செய்த தேக்கு சோபா செட் ஒன்று இருக்கிறது. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு. இப்போது உட்கார்ந்தால் உள்ளே இறங்குகிறது, துணியும் நைந்துவிட்டது. தை பிறந்ததும் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகிறோம். கடையில் புது செட் 48,000 ரூபாய். பழையதுக்கு 5,000 கழித்துக்கொண்டு, மீதி 43,000-ஐ வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். உள்ளூரில் குஷன் வேலை செய்பவர் பழையதைச் சரிசெய்து தர 17,500 கேட்கிறார். "அவ்வளவு காசைக் கொண்டுபோய்ப் பழசுல போடுவாங்களா?" என்கிறார் கணவர். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. நகைக் கடன் 60,000, ஒன்றரை வட்டி. இது போக, அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டும் கட்டிதட்டிக் கிடக்கின்றன, ஹால் ஃபேனில் காயில் எரிந்துவிட்டது, மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது?

பதில்: சோபாவைச் சரிசெய்யுங்கள், மெத்தையையும் ஜாரையும் சரிசெய்யுங்கள், ஃபேனை மட்டும் மாற்றுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் கணவர் கேட்டதும் நியாயமான கேள்விதான், அதற்கும் கணக்கோடு பதில் இருக்கிறது.

பழசுக்குச் செலவழிக்கலாமா என்று பார்க்கும்போது பலரும் புதுசின் விலையில் ரிப்பேர் செலவு எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். 17,500 என்பது 43,000-இல் 40 சதவீதம், அதனால் அதிகமாகத் தெரிகிறது. நான் வருடக் கணக்கில் பார்ப்பேன். தேக்குச் சட்டம் நன்றாக இருந்து, நல்ல ஃபோம் போட்டால், எட்டு வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,200 ரூபாய்கூட ஆகாது. புது சோபா அந்தக் கணக்குக்கு ஈடாக வேண்டுமானால் அது கிட்டத்தட்ட 20 வருடம் உழைக்க வேண்டும். 48,000 ரூபாய்க்கு ஐந்து பேர் உட்காரும் செட் என்றால் துணிக்கு உள்ளே இருப்பது என்ன மரம் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பிளைவுட், அல்லது ஏதோ மட்ட மரச் சட்டமும் பார்ட்டிகிள் போர்டும் கலந்ததாக இருக்கும். அது 20 வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க எந்தக் கடையும் முன்வராது. போதாததற்கு, உங்கள் தேக்கை 5,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். தேக்கு கன அடிக்கு ஆயிரக்கணக்கில் போகிற காலத்தில் இது அடிமாட்டு விலை. எப்படியும் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தால்கூட, ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டி விலை கேட்ட பிறகு கொடுங்கள்.

ஆனால் முதலில் சட்டத்தைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். காலைப் பிடித்து ஆட்டினால் இணைப்புகள் ஆடுகின்றனவா, மூலைகளில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதா, சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தூள் கொட்டினால் உளுக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ஓரிடத்தில் மட்டும் என்றால் மருந்து வைத்து, அந்தக் கட்டையை மாற்றிவிடலாம். எல்லா இடத்திலும் என்றால் நான் சொன்ன கணக்கு செல்லாது. அப்புறம், கீழே குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும் எலாஸ்டிக் பெல்ட்டை விரலால் இழுத்துப் பாருங்கள். தொய்ந்திருந்தால், உட்காரும்போது உள்ளே இறங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பெல்ட்டை மாற்றாமல் ஃபோம் மட்டும் மாற்றினால் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

17,500 ரூபாயை மொத்தமாகச் சொல்ல விடாதீர்கள். ஃபோம் எவ்வளவு, துணி எத்தனை மீட்டர், மீட்டர் என்ன விலை, பெல்ட்டும் ஜிப்பும் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இந்த வேலையில் பணம் நழுவுகிற இடம் ஃபோம்தான். உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டி போடச் சொல்லுங்கள், சாயும் பகுதிக்கு 32 போதும். டென்சிட்டி 40 என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும், அவ்வளவுதான். அதனால் இதை வீட்டுத் தராசிலேயே சோதித்துவிடலாம். 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன் உள்ள ஒரு துண்டு, 40 டென்சிட்டியாக இருந்தால் ஒன்றரை கிலோ நிற்கும். தராசு ஒரு கிலோ காட்டினால் உங்களுக்கு வந்திருப்பது 28-கூட இல்லை. உறை போடுவதற்கு முன் எடை பார்ப்பேன் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நாணயமான தொழிலாளிக்கு இதில் வருத்தம் வராது. சாயும் பகுதியில் இப்போதிருக்கும் ஃபோம் அமுங்கிப் போகாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், செலவு இன்னும் குறையும். உறைக்குக் கட்டாயம் ஜிப் வைக்கச் சொல்லுங்கள், கழற்றித் துவைத்தால் துணி கூடுதல் காலம் உழைக்கும்.

நீங்களே தைப்பவர் என்பதால், உறையை நானே தைத்துவிடலாமே என்று தோன்றும். கையில் வேலை இல்லாத வாரம் என்றால் தையுங்கள், கூலியில் ஒரு பகுதி மிச்சம். ஆனால் தடித்த சோபாத் துணிக்கு 18-ஆம் நம்பர் ஊசி வேண்டும், பிளவுஸ் தைக்கிற மெஷினுக்கு அது கஷ்டமான வேலை. முகூர்த்த மாதத்தில் வந்த ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு உறை தைப்பது சிக்கனம் ஆகாது, அது வருமான இழப்பு.

இப்போது அந்த "வட்டியில்லாத் தவணை"க்கு வருவோம். பூஜ்ஜிய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வட்டியை யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும், ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போகும், அந்தப் பணம் வட்டியாகக் கடன் கொடுப்பவருக்குப் போகும். அதனால் "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வட்டி. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. கிரெடிட் கார்டில் என்றால் வட்டிப் பகுதிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு தவணை தவறினால் அபராதம், சிபில் ஸ்கோரில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்ணில், அடி. கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டி வரலாம் என்கிற வருடத்தில் அந்த ஸ்கோரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது சோபா அல்ல, நகைக் கடன். ஒன்றரை வட்டி என்றால் வருடத்துக்கு 18 சதவீதம், மாதம் 900 ரூபாய். பெண்ணுக்குப் போட வேண்டிய நகை அடகில் இருக்கும்போது ஹாலுக்குப் புது சோபா வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இடத்தில் உங்கள் கணவர் மடக்கலாம். "கையிலிருக்கிற 20,000-ஐ நகைக் கடனில் கட்டிவிட்டு, சோபாவைத் தவணையில் வாங்கினால் என்ன?" நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் ஒரு வருடம் கழித்துக் கடன் 40,000 நிற்கும், மாத வட்டி 600. மாறாக, 20,000-இல் 17,500-ஐச் சோபாவுக்குக் கொடுத்துவிட்டு, தவணைக்குப் போகவிருந்த 3,583 ரூபாயில் 3,500-ஐ மாதாமாதம் நகைக் கடனின் அசலில் கட்டினால், 12 மாதத்தில் 42,000 அடைந்து, கடன் 18,000-க்கு வந்துவிடும். மாத வட்டி 270. முதல் வருடம் மிச்சமாகும் வட்டி இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 3,500 ரூபாய் அளவில். அதை மறைக்க விரும்பவில்லை. வித்தியாசம் அசலில் இருக்கிறது. இரண்டாவது வழியில் இன்னும் ஐந்தாறு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த 3,500-ஐச் சம்பளம் வந்த அன்றே கட்டினால்தான் நான் சொன்னதெல்லாம் நடக்கும். ரிப்பேர் செய்து மிச்சம் பிடித்தோம் என்ற திருப்தியில் அந்தப் பணம் பலசரக்கிலும் ஹோட்டலிலும் கரைந்துவிடுவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறேன். தவணைக்காரன் கணக்கிலிருந்து எடுக்கிற மாதிரியே இதையும் நீங்களே எடுத்துவிட வேண்டும். கடன் முடிந்த பிறகு அதே தொகையை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 போட்டால்கூட ஐந்து வருடத்தில் 71,000-க்குச் சற்று மேல் கிடைக்கும்.

மெத்தை விஷயம் சுலபம். இலவம்பஞ்சு கட்டிதட்டியிருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிரித்து, அடித்து, வெயிலில் காயவைத்தால் மறுபடி உப்பும். குறைவதற்குச் சில கிலோ புதுப் பஞ்சு சேர்த்துப் புது உறையில் அடைக்கலாம். தேனிப் பக்கம் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர்போன ஊர், அந்தப் பஞ்சு என்று சொல்லித் தருகிறவர்களிடம் கையில் எடுத்துப் பாருங்கள்; பட்டுப் போல வழுக்கும், எடையே தெரியாது. கழிவுப் பஞ்சு கலந்தால் கனக்கும். பழைய மெத்தையைக் கடைக்கு அனுப்பாமல் உங்கள் வாசலிலேயே வைத்துப் பிரித்து அடைக்கச் சொல்லுங்கள், பஞ்சு மாறிப்போகிற புகார் இந்தத் தொழிலில் பழசு. தண்ணீர் மட்டும் படவே கூடாது.

மிக்ஸி ஜார் ஒழுகுவது புஷ்ஷும் வாஷரும் தேய்ந்ததால். ஜாருக்கு அடியில் அவற்றை மாற்றி, பிளேடையும் சாணை பிடிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும். மோட்டார் எரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஃபேனில் மட்டும் ஏன் கட்சி மாறுகிறேன் என்றால், அது மின்சாரம் குடிக்கிற பொருள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது) 30 வாட் அளவில் ஓடும். ஹாலில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்றால் வருடத்துக்கு 230 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 1,150 ரூபாய். நம் ஊரில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால், குறைகிற யூனிட்டுகள் விலை கூடிய படியிலிருந்தே குறையும். காயில் கட்ட 600, 700 ரூபாய் செலவழிப்பதற்குப் பதில் 3,000 ரூபாய் போட்டால், கூடுதலாகப் போட்ட பணம் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். சோபாவில் மிஞ்சும் 2,500-ஐ இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது ஓடும் அறையில் இருக்கிற ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கதை வேறு, அங்கே 2.5 எம்.எஃப்.டி. கண்டென்சர் ஒன்றை மாற்றினாலே போதும், நூறு ரூபாய் வேலை.

நீங்கள் கேட்காத ஒன்று. அடுப்புக்குப் போகும் கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள். குக்கர் சேஃப்டி வால்வும் அப்படித்தான், அந்தக் கம்பெனியின் அசல் சாமானைத்தான் போட வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கனம் வேண்டாம்.

வரன் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேக்குச் சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கை பாலிஷ் அடித்து, நல்ல நிறத்தில் துணி போட்டால், கடைச் சோபாவை விட அது கௌரவமாகவே இருக்கும். வேலையைத் தீபாவளிக்கு வெகு முன்பே கொடுத்துவிடுங்கள், பண்டிகை நெருங்கினால் குஷன்காரர்களைப் பிடிக்க முடியாது. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், மீதியை எல்லாக் குஷன்களிலும் உட்கார்ந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

நகைக் கடன் கொடுத்தவரிடம் நாளைக்கே போய், பகுதி அசல் கட்ட முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா, கடனின் கெடு எப்போது முடிகிறது என்று கேட்டு வாருங்கள். ஒவ்வொரு மாதமும் அந்த மாத வட்டியோடு சேர்த்துக் கட்டி, வட்டிக்கு எவ்வளவு, அசலுக்கு எவ்வளவு, மீதி அசல் எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாகப் போட்டு வாங்குங்கள்.