களப்பணி வேண்டாம் என்பவரிடம் சேராதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. கருங்கல் பக்கம் வீடு. நாகர்கோவிலில் ரெகுலர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கணவர் குவைத்தில் இருக்கிறார். பிள்ளைகள் நாலாம் வகுப்பும் யு.கே.ஜி.யும். ஆறு வருடமாக, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான ஒரு இல்லத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். ஆனால் பெற்றோர் வந்தால் பேசுவதும், உதவித்தொகைக்கு அலைவதும் நான்தான். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தால் இதையே முறையாகச் செய்யலாமே என்று ஆசை. அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் மைனி, “இங்கே எல்லாரும் ஆன்லைனில்தான் படிக்கிறார்கள், நீயும் படி” என்கிறார். மாமியாரோ, “வீட்டிலிருந்து படிச்ச படிப்புக்கு எவன் வேலை தருவான்?” என்கிறார். மார்த்தாண்டத்தில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். மொத்தம் 95,000 ரூபாய், களப்பணிக்குப் போகவே வேண்டாம், சர்டிபிகேட் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். 5,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டேன். ஆங்கிலமும் எனக்குச் சுமார்தான். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: உங்கள் மைனி சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதியை விட்டுவிட்டார். அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ.வை ஆன்லைனில் படிப்பவர்களும், ஒரு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ பள்ளிக்கூடத்திலோ குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்தால்தான் பட்டம். அங்கே சமூகப் பணிப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் கவுன்சிலின் விதி அது. பாடம் மடிக்கணினியில் வரும், களம் தெருவில்தான் இருக்கும். பொதுவாக இந்தப் படிப்பு அப்படித்தான்.

அதனால், களப்பணி வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வரிக்காகவே அந்த கன்சல்டன்சியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சலுகை மாதிரி தெரியும். ஓட்டிக் காட்ட வேண்டாம், லைசன்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. தவிர, தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளைப் பல்கலைக்கழகம் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியே இருக்கிறது. சேர்க்கையும் கட்டணமும் நேராகப் பல்கலைக்கழகத்தோடுதான். நடுவில் ஒரு ஆள் 95,000 கேட்கிறார் என்றால் அவருக்கு அங்கே என்ன வேலை?

மாமியாரின் சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. இந்தப் படிப்புகளுக்கான யுஜிசி ஒழுங்குமுறை 2020-ல் வந்தது. அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் அனுமதி பெற்ற படிப்பை நடத்தினால், தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய முதுகலைப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று அது சொல்கிறது. 2022-ல் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவும் சொல்லிவிட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்று உங்கள் வரிசை சரியாக இருப்பதால் அரசு வேலைக்கும் அந்தப் பக்கச் சிக்கல் வராது. இடையில் ஒன்றைத் தாண்டி வந்தவர்கள்தான் நீதிமன்றம் வரை போனார்கள்.

ஆனால் “அனுமதி பெற்ற” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எம்.எஸ்.டபிள்யூ. என்ற அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, அந்த முறையில் அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். அதே தளத்தில் டெப் ஐடி என்று ஒன்றை நீங்களே உருவாக்க வேண்டும். 2024-லிருந்து அது இல்லாமல் சேர்க்கை கிடையாது. ஒன்றும் கஷ்டமில்லை, ஏபிசி ஐடியும் (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) ஆதாரும் கையில் இருந்தால் ஒரு மத்தியானத்தில் முடியும். “அதெல்லாம் நாங்களே போட்டுத் தருகிறோம்” என்று ஓடிபி கேட்பவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேறு மாநிலத்து மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் இங்கே ஆள் சேர்த்தாலும் கவனமாக இருங்கள். தொலைநிலை என்றால் அவர்கள் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். ஆன்லைன் முறைக்கு அந்த எல்லை இல்லை. தொலைநிலை என்றால் புத்தகம், படிப்பு மையம், நேர்முக வகுப்பு. ஆன்லைன் என்றால் பாடமும் பயிற்சியும் இணையத்தில். கன்சல்டன்சிக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுவார்கள்.

இன்னொரு சிக்கல், இது கொஞ்சம் புதிது. மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்த 2021-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் பட்டியலில் மருத்துவ சமூகப் பணியாளரும் மனநல சமூகப் பணியாளரும் உண்டு. அந்தச் சட்டத்துக்குள் வரும் சைக்காலஜி போன்ற படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-ல் யுஜிசி நிறுத்தியது. ஆகவே ‘மெடிக்கல் அண்டு சைக்கியாட்ரிக்’ சிறப்புப் பிரிவை ஆன்லைனில் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், இந்த ஆண்டு அனுமதி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எதிர்காலத்தில் மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் என்று சொல்லிக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. அதற்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் மாதிரி இடங்களில் தங்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். உங்கள் வீட்டு நிலைமையில் அது இப்போதைக்கு நடக்காத காரியம் என்று நினைக்கிறேன்.

சரி, எங்கே சேரலாம்? உங்கள் நிலையில் நான் முதலில் பார்ப்பது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பல வருடமாக எம்.எஸ்.டபிள்யூ.வைத் தொலைநிலையில் நடத்துகிறார்கள். குறைந்தது இரண்டு வருடம், இழுத்துப் பிடித்தால் நாலு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முட்டுவலி என்று ஒரு தேர்வு தவறினாலும் படிப்பு போகாது. கட்டணம் அந்த 95,000-ல் பாதிகூட வராது. கன்னியாகுமரி மாவட்டம் அங்கே திருவனந்தபுரம் மண்டல மையத்தின் கீழ் வருகிறது. நமக்கு அது ஒரு வகையில் வசதிதான், காலையில் ரயில் ஏறினால் வேலையை முடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இந்த ஆண்டுப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் போய்வர முடிந்தால், திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் லயோலா சமூக அறிவியல் கல்லூரியில் ரெகுலர் எம்.எஸ்.டபிள்யூ.வே இருக்கிறது. உங்களால் முடியாது, தெரியும். உங்களைப் போல் யோசிக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். இக்னோவில் எம்.எஸ்.டபிள்யூ. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழில் இல்லை. ஆனால் சேரும் முன்பே சோதித்துப் பார்க்க வழி உண்டு. அவர்களுடைய பாடப்புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பாடத்தில் இரண்டு அலகை இறக்கி, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து நாள் படியுங்கள். அகராதி இல்லாமல் முக்கால்வாசி புரிந்தால் சேருங்கள். புரியவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து அடுத்த பருவத்தில் சேருங்கள். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு பருவம் சேர்க்கை இருக்கிறதே.

இப்போது களப்பணி. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

நான் ரெகுலரில் படித்தவள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, கடைசியில் ஒரு மாதம் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது ஒரே இடத்தில் தொடர்ந்து செய்யும் களப்பணி. அந்த ஒரு மாதத்துக்குக் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊருக்கு வந்தேன். முதல் நாள் கையில் படிவம். ஒரு வீட்டு வாசலில் அம்மா ஒருவர் மணலில் நெத்தோலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்று பெயர், வயது, மாத வருமானம் என்று மேலிருந்து கீழே வாசித்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. “பிள்ளே, அந்தப் பேப்பரை அங்கே வச்சிட்டு, அந்தப் பக்கத்து மீனைக் கொஞ்சம் பெரட்டிப் போடு” என்றார். போட்டேன். ஒரு மணி நேரம். விரல் நுனியெல்லாம் செதில். வெயில் சாய்ந்த பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். படகுக் கடன், மூத்த மகன் குடிக்கத் தொடங்கியது, மருமகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனது. படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை.

அன்று இரவு அறிக்கையில் ‘தாய் மன அழுத்தத்தில் இருக்கிறார்’ என்று பெருமையாக எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் கேட்டிருந்தார்: ‘அவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா?’ கேஸ் ஒர்க் (தனி ஆள் ஒருவரோடு வேலை செய்யும் முறை) என்று இரண்டு வருடம் படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். வீடியோ வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். நான் கேட்டிருந்தால் குறிப்பெடுத்துவிட்டு மறந்திருப்பேன்.

இக்னோவிலும் களப்பணிக்கு இரண்டு வருடமும் தனித்தனி மதிப்பெண் உண்டு. ஒரு மேற்பார்வையாளரின் கீழ் போய், பிராக்டிகம் ஜர்னல் (களப்பணிக் குறிப்பேடு) எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். உங்களுக்கு வரப்போகும் ஆசையை இப்போதே ஊகிக்கிறேன்: “நான் வேலை பார்க்கும் இல்லத்திலேயே செய்துவிட்டால் என்ன?” முதல் வருடமாவது வேண்டாம். அங்கே நீங்கள் கணக்கு எழுதும் அக்கா. அங்கே உள்ளவர்களும் உங்களை அப்படித்தான் பார்ப்பார்கள், நீங்களும் பழகிய வேலையைத்தான் செய்வீர்கள். சம்பளம் தருபவரே மேற்பார்வையாளராகவும் இருந்தால் ஜர்னலில் உண்மை எழுத வராது.

நமக்குக் களத்துக்குப் பஞ்சமா? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் போனால் 2017 ஒக்கிப் புயலில் போனவர்களின் வீடுகள் இருக்கின்றன. உடல் கிடைக்காத வீட்டில் துக்கமே வேறு மாதிரி இருக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகள். முந்திரி ஆலைகளில் நாள் முழுக்கக் குந்தியிருந்து கொட்டை உடைக்கும் பெண்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர். வெளிநாட்டில் கணவர் இருக்கும் வீடுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமச் சீரமைப்பு என்று வந்து மையம் போட்டது நம் மார்த்தாண்டத்தில்தான். இன்று மார்த்தாண்டம் தேன் என்று விற்கிறார்களே, அதன் தொடக்கமும் அங்கேதான். அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு ‘களப்பணி வேண்டாம்’ என்கிறார்களே என்றுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

நடைமுறைக்கு வருவோம். வாரத்தில் ஒரு முழு நாள், அல்லது இரண்டு அரை நாள் களத்துக்கு வேண்டும். சேரும் முன்பே இல்லத்து நிர்வாகியிடம் சனிக்கிழமையைக் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்பது பதில் இல்லை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், மழையும் தொடங்கும். டிசம்பரில் வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். அந்த வருடம் பலகாரத்தைக் கடையில் வாங்கிக்கொள்வோம் என்று மாமியாரிடம் அக்டோபரிலேயே சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால்தான் சண்டை வரும்.

வேலை? அரசுத் திட்டங்களில் வருவது பெரும்பாலும் ஒப்பந்தப் பணியிடங்கள், சம்பளம் பெரிதாக இருக்காது. சில தனியார் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே ‘ரெகுலர்’ என்று போடுகின்றன. விதி என்ன சொன்னாலும் அந்தக் கதவு திறக்கச் சிரமம்தான். ஆனால் உங்களிடம் ஆறு வருட அனுபவம் இருக்கிறது. புதிதாக ரெகுலரில் முடித்து வரும் பிள்ளையிடம் அது இருக்காது. இல்லத்தில் நீங்கள் பெற்றோரிடம் பேசும் வேலையைப் பதவிப் பெயரோடு எழுதி, அனுபவச் சான்றிதழாக இப்போதே கேளுங்கள். ‘அலுவலக உதவியாளர்’ என்று மட்டும் போட்டுத் தந்தால் நேர்காணலில் அது உதவாது.

கடைசியாக அந்த 5,000. கடிதத்தின் ஓரத்தில், அசல் மதிப்பெண் பட்டியலையும் டிகிரி சான்றிதழையும் ‘சரிபார்க்க’ என்று அங்கே கொடுத்திருப்பதாகச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வேறொரு விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று சொல்லி முதலில் சான்றிதழ்களை வாங்குங்கள். போகும்போது அண்ணனையோ பெரியப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவை பீரோவுக்குள் வந்த பிறகு, சேர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.