புது ரெயிலை ராவ வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள்

வணக்கம். துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பொருத்தப் புதிதாக வாங்கிய ரெயிலின் முன் திருகை இறுக்கினால் பின்முனை தூக்குகிறது, ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுன்ட்டின் குறுக்குத் திருகும் ரெயிலின் பள்ளத்தில் இறங்கவில்லை, அரத்தால் ராவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அரம் பட்ட பாகத்தைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.

பள்ளத்தின் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். ரெயில் பிக்காட்டினி வகை என்றால் 5.23 மி.மீ., வீவர் வகை என்றால் சுமார் 4.57 மி.மீ. பிக்காட்டினிக்கான பருமனான திருகு வீவர் பள்ளத்தில் இறங்காது. அது தயாரிப்புக் குறை அல்ல, பொருந்தாத ஜோடி.

பின்முனை தூக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று, தோட்டா அமரும் சேம்பரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ரெயிலைக் கழற்றி அடிப்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். திருகுத் துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் சில நேரம் மயிரிழைப் பிசிறு தட்டுப்படும். அதுவே மறுமுனையைத் தூக்கிவிடும். பிறகு முன் திருகை மட்டும் போட்டு, பின்முனைக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் இடைவெளி இருக்கிறது. அந்த நிலையில் நான்கு திருகுகளையும் இறுக்கினால் ரெயில் வளையும், ஸ்கோப்பின் குழாயும் சேர்ந்து நெளியும்.

உங்கள் துப்பாக்கி மாடலுக்கான ரெயில்தானா என்று உறையிலுள்ள எண்ணையும் சரிபாருங்கள்; முன்பின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும். எண் சரியாக இருந்தும் காகிதம் நுழைகிறதென்றால், அதை அப்படியே படமெடுத்து ரசீதுடன் விற்றவருக்கு அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்று ரெயிலும் அதே மாதிரி தூக்கினால் குறை துப்பாக்கியின் உடலில் இருக்கலாம். அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.