வழக்கு முடிந்தது, சரி; எப்படி முடிந்தது?

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன் நான். வயது 27. 2019 கோடை சீசனில் ஏரிப் பக்கம் வண்டி நிறுத்துவதில் தகராறாகி, வெளியூர்க்காரர்களோடு கைகலப்பு. என் மீதும் தம்பி மீதும் 294(பி) (பொது இடத்தில் ஆபாசப் பேச்சு), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) என்று வழக்குப் போட்டார்கள். “பேசி முடித்தாகிவிட்டது” என்றார் வக்கீல். கோர்ட்டில் நான் ஏதோ பணமும் கட்டினேன். இப்போது சேலத்தில் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்’ உண்டாம். பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். தம்பி போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான்; சண்டை நடந்தபோது அவனுக்கு வயது 17. இந்த வழக்கு எதிலெல்லாம் தெரியும்? சொல்லாமல் விட்டால் என்ன?
— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: தம்பி, ‘ஏதோ பணமும் கட்டினேன்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்வி முழுவதும் அந்த ‘ஏதோ’வில்தான் தொங்குகிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், தொகை ஐந்நூறே ஆனாலும் அது தண்டனைத் தீர்ப்பு. “எதுக்கு அலையணும், ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ” என்று கோர்ட் வாசலில் இலவசமாகக் கிடைக்கும் யோசனையின் விலை, இப்படி வேலைக்குப் போகும்போதுதான் தெரியவரும். எதிர்த்தரப்போடு சமாதானமாகி நீதிமன்றம் அதை ஏற்றிருந்தால் கதை வேறு. சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 323, 506(1) இரண்டும் சமாதானமாகப் போகக்கூடிய பிரிவுகள். 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் புகார் கொடுத்தவர் சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சியாகி, நீங்கள் விடுதலையாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ‘பேசி முடித்தாகிவிட்டது’ என்று வக்கீல் சொன்னது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

அதனால் முதல் வேலை, வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குவது. அதற்கு வழக்கு எண், அதாவது சி.சி. அல்லது எஸ்.டி.சி. நம்பர் வேண்டும். மறந்துவிட்டால், நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் ஈகோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். நம்பர், வருடம் கொடுத்துத் தேடிப் பாருங்கள். வக்கீல் கையில் கிடைக்கவில்லை என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனி, யார் எங்கே பார்ப்பார்கள் என்பது. எல்லோரும் ஒரே ஏட்டைப் புரட்டுவதில்லை. தனியார் கம்பெனி பெரும்பாலும் அதற்கென்றே இருக்கும் ஏஜென்சியிடம் உங்கள் பெயர், அப்பா பெயர், விலாசங்களைக் கொடுத்துவிடும். அவர்கள் முதலில் துழாவுவது நீதிமன்றப் பதிவுகளை. முடிந்த வழக்கும் அங்கே இருக்கும். நம் இனிஷியல் பழக்கம் இங்கே படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ‘எஸ். மணிகண்டன்’ என்று போட்டால் சேலம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை பேர் வந்து நிற்பார்கள்! யாரோ ஒருவர் வழக்கு உங்கள் தலையில் விழலாம். உங்களுடையது கண்ணில் படாமலும் போகலாம். இந்த இரண்டாவதை நம்பித்தான் பலர் மறைக்கிறார்கள். நான் நம்ப மாட்டேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் கம்பெனிகளும் விண்ணப்பிக்கலாம். காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் பதிவில் தேடுவார்கள் என்பதால், நீங்கள் சேலம் டவுனில் குடியிருந்தாலும் ஏற்காட்டில் போட்ட எஃப்.ஐ.ஆர். தப்பாது. போதாததற்கு, பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்பது ஒரு கேள்வி. ‘வழக்கு நிலுவையில் உள்ளதா?’ வேறு. ‘எப்போதாவது வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா?’ இன்னும் வேறு. இதற்கு விடுதலையானவரும் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும், பக்கத்திலேயே முடிவையும். எச்.ஆரிடம் தீர்ப்பு நகலோடு நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஐந்து நிமிடப் பேச்சு. அவர்களாகக் கண்டுபிடித்தால், பழைய சண்டையை விட்டுவிட்டு நீங்கள் பொய் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள். அரசு வேலைக்கும் இதே கதைதான். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: வழக்கு அற்பமானதாக இருந்தால் மறைத்ததைக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். அவர்கள் பார்ப்பது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கையும், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த ஐந்து வருடங்களுக்குள் பெற்ற இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆன சிறைத்தண்டனையையும். உங்களுடையது அபராதமே என்றாலும் இதில் வராது. நிலுவையில் இருந்தால்கூட நீதிமன்ற அனுமதி வாங்கி எடுக்க மத்திய அரசின் 1993 அறிவிக்கை வழி விட்டிருக்கிறது. காலம் எதுவும் நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கொடுப்பார்கள்.

பதிவையே அழிக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெண் வீட்டார் விசாரணைக்கு இந்த ஏடு எதுவும் தேவைப்படாது, ஊர் டீக்கடையே போதும்!

கடைசியாகத் தம்பி. தமிழ்நாடு போலீஸ் விதி ரொம்பக் கறார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ சாட்சி பிறழ்ந்தோ விடுதலையானவரையும் ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ கணக்கில்தான் வைக்கும். அந்த வேலைக்கு நீங்கள் போனால் இது உங்களைத் தடுக்கும். அவருக்கு நிலைமை வேறு. 18 வயதுக்குள் நடந்தது என்பதால் அவர் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிருக்க வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, இதுபோன்ற சின்னக் குற்றத்தால் அவருக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவையும் அழிக்க வேண்டும். ஒருவேளை அவரையும் வயதுக்கு வந்தவர் என்று எழுதி, உங்களோடு சேர்த்தே நிறுத்தியிருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு வேண்டாம், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே.