விர்ச்சுவல் மெஷினில் திரை சொன்னபடி கேட்கவில்லையா? கேள்வி பதில்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் லினக்ஸ் பழகுகிறவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், லினக்ஸ் ஓடுகிறது, திரை அளவுதான் படுத்துகிறது. வடசேரியில் கடையை அடைத்தபிறகு உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை.

தக்கலை, கல்லூரி மாணவி: சார், விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் டெபியன் லினக்ஸ் போட்டேன். விண்டோவை எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே திரை நடுவில் சின்னதாக நிற்கிறது. செட்டிங்ஸில் தேடினாலும் என் லேப்டாப்பின் அளவு இல்லை. லேப்டாப் கெட்டுவிட்டதா?

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை மக்களே. நிஜக் கணினியில் மானிட்டரை மாட்டியதும், தன்னால் எந்தெந்த அளவு காட்ட முடியும் என்று அதுவே கிராபிக்ஸ் கார்டிடம் சொல்லிவிடும். உன் டெபியனுக்கு மானிட்டரே கிடையாது, இருப்பது வெறும் விண்டோ. நீ விண்டோவை இழுத்த சேதியை உள்ளே போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள்.

முதலில் டெபியனுக்குள் நிரல் கட்டும் கருவிகளான ஜிசிசி, மேக், அவற்றோடு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஹெடர் கோப்புகள் மூன்றையும் நிறுவு. ஹெடரின் பதிப்பும் ஓடுகிற கர்னலின் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும், இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அப்புறம் டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, அதிலுள்ள லினக்ஸுக்கான ரன் கோப்பை ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டு. மெஷினை அணைத்துவிட்டு டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கிறதா பார். திரும்ப ஓட்டியதும் வியூ மெனுவில் தானாக அளவு மாறும் தெரிவைக் குறியிடு. விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பார், உள்ளே டெஸ்க்டாப்பும் கூடவே விரியும்.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, எனக்குப் போன வாரம்வரை அதெல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்டேட் போட்டேன், பழைய குருடி கதவைத் திறடி!

கர்னல் மாறியிருக்கும். கெஸ்ட் அடிஷன்ஸின் மாட்யூல்கள் (கர்னலோடு இணையும் துண்டுகள்) பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்டவை. புதுக் கர்னலுக்கு உரிய ஹெடர்களைப் போட்டு, சிடியிலிருந்து இன்னொரு முறை ஓட்டுங்கள். கம்பைல் ஆகாமல் பிழை கொட்டினால், உங்கள் விர்ச்சுவல்பாக்ஸ் கர்னலைவிடப் பழையதாக இருக்கலாம், முதலில் அதைப் புதுப்பியுங்கள். இதே சிக்கலில் ஒரு வாடிக்கையாளரின் மெஷினோடு நானே இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஹெடர் ஒரு பதிப்பு பின்தங்கி நின்றது. அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, பாதி அப்டேட்டில் கரண்ட் போனாலும் அதுதான் கைகொடுக்கும்.

கருங்கல்: என் லேப்டாப் திரை 1366×768. அந்த அளவு பட்டியலில் இல்லை என்று, திரை அளவுக்குக் கணக்குப் போட்டுத் தரும் சிவிடி கட்டளையில் கேட்டேன். அது 1368 என்று தருகிறது. பிழையா?

பிழை இல்லை. சிவிடி அகலத்தை எட்டின் மடங்காகத்தான் தரும். 1366 எட்டால் வகுபடாது, 171 எட்டு 1368. இரண்டு பிக்சல் கூடுதலை யாரும் கவனிக்கப் போவதில்லை. அது தரும் மோட்லைன் வரியை (திரை அளவின் விவரம்), திரையை அமைக்கும் எக்ஸ்ராண்டர் கட்டளையின் நியூமோடு தெரிவுக்குக் கொடுங்கள், பிறகு ஆட்மோடு. அங்கே திரையின் பெயர் கேட்கும். எக்ஸ்ராண்டரை வெறுமனே ஓட்டினால் பெயர் தெரியும். சிலவற்றில் ‘விர்ச்சுவல்’ என்ற சொல்லுக்கும் 1க்கும் நடுவே சிறு கோடு உண்டு, சிலவற்றில் இல்லை. அந்தக் கோட்டை விட்டதால் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய. இது ரீபூட் ஆனால் மறந்துபோகும், லாகின் ஆகும்போது ஓடும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் எழுதிவைக்கவேண்டும். வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடும் செஷனில் இந்த வழி எடுபடாது. இருந்தாலும் சொல்கிறேன், கெஸ்ட் அடிஷன்ஸ் சரியாக அமைந்தால் இத்தனை பாடு வேண்டாம்.

குளச்சல், திருவிழா நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடை: எழுத்தெல்லாம் மங்கலாகிவிட்டது. க்-இன் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மேலே மெனுவும் காணோம்.

கைதவறி ஸ்கேல்டு மோடுக்குள் போயிருக்கிறீர்கள். வலது கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அமுக்கினால் வெளியே வரலாம். அந்த மோடில் சின்னப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குகிறது, உள்ளே பிக்சல் கூடுவதில்லை. மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் கரையும். அதில் புரூஃப் பார்த்து நோட்டீஸை அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

குலசேகரம்: வீடியோ மெமரி 16 எம்பி போதுமா?

1920×1080 திரையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் ஏறக்குறைய 8 எம்பி. ஒரு திரைக்குப் போதும். 4கே என்றால் 32 எம்பியைத் தொடும். யோசிக்காமல் 128 வைத்துவிடுங்கள்.

குழித்துறை: விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற விஎம்வேருக்கும் இதே கெஸ்ட் அடிஷன்ஸ் சிடிதானா?

இல்லை. லினக்ஸுக்குள் ஓப்பன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் தொகுப்பை நிறுவினால் போதும். விர்ச்சுவல் மெஷினை விர்ட்-மேனேஜர் மென்பொருளில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்பைஸ்-விடிஏஜென்ட்.

கன்னியாகுமரி: நான் இன்னும் நிறுவவே இல்லை அண்ணே. இன்ஸ்டாலரில் ‘அடுத்து’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது.

ஆல்ட்டும் எஃப்7-உம் அமுக்கி, மவுஸை மேலே நகர்த்துங்கள். விண்டோவின் தலை திரைக்கு வெளியே போகும், பொத்தான் ஏறி வரும்.