700 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கோளின் காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு எப்படித் தெரிகிறது?

முதலில் ஒன்று: வெப் அந்தக் கோளைப் பார்க்கவே இல்லை. செய்திகளில் வரும் அழகான படங்கள் ஓவியர்கள் வரைந்தவை. வெப் பார்த்தது நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மட்டும்தான்.

வாஸ்ப்-39பி என்ற கோளையே எடுத்துக்கொள்வோம். எடையில் ஏறக்குறைய சனி மாதிரி. ஆனால் நட்சத்திரத்தை ஒட்டியே, நான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் சுமார் 900 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சூடேறிய காற்று உப்பிப்போய், கோள் வியாழனைவிடப் பெரிதாக இருக்கிறது. நமக்கு அது வசதி: உப்பிய காற்றை ஆராய்வது எளிது.

கோள் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் 2 சதவீதம் போலக் குறையும். அப்போது கொஞ்சம் ஒளி, கோளின் விளிம்பில் உள்ள காற்றுக்குள் புகுந்து நம் பக்கம் வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அருகே விழுங்கும். அந்த அலைநீளத்தில் மட்டும் கோள் சற்றுப் பருத்தது போல, நிழல் ஒரு துளி கூடியது. 2022 ஆகஸ்டில் விஞ்ஞானிகள் அறிவித்தது இதைத்தான்.

அப்புறம் 4.05 மைக்ரானிலும் நிழல் இதேபோலக் கூடியது; வரைபடத்தில் இன்னொரு மேடு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம். அது கந்தக டை ஆக்சைடு. நட்சத்திர ஒளி பட்டு நீர் மூலக்கூறுகள் உடைய, அந்தத் துண்டுகள் ஹைட்ரஜன் சல்பைடோடு வினைபுரிந்து உண்டானது. பூமியில் ஓசோன் உருவாவதும் இதே வகை ஒளிவேதியியல்தான்.